காசி வீதியில் விலைக்கு நின்றவர்கள்: அரிச்சந்திரன் கூத்தின் அடிமை விற்பனைக் காட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிச்சந்திரன் கதை என்றதும் எல்லோருக்கும் சுடுகாடுதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னால் ஒரு கடைவீதி இருக்கிறது. அங்கே ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் ஓர் ஆணும் விலைக்கு நிற்கிறார்கள். தெருக்கூத்து, இசை நாடகம், பாவைக்கூத்து, அச்சுப்படம் என்று நம் நாட்டார் கலைகள் மனித விற்பனையை நேருக்கு நேர் காட்டும் இடம் அது. கூத்து பார்க்க வருகிறவர்களும், நடிக்கக் கற்கிறவர்களும், ஆய்வுக்கு வரும் மாணவர்களும் இந்தக் காட்சியைப் பற்றி ஒரே மாதிரியான ஐயங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைக் கீழே தந்திருக்கிறோம்.

அரிச்சந்திரன் கதையில ஆளை விக்கிற காட்சி எங்க வருது? முன்கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லுங்க.

விசுவாமித்திரர் வேள்விக்கென்று பொன் கேட்கிறார். யானை மேல் நின்று ஒருவன் கவண்கல் வீசினால் அது எட்டும் உயரத்துக்குப் பொன் குவிக்க வேண்டும் என்பது தென்னாட்டு வடிவங்களில் வரும் அளவு. அரிச்சந்திரன் ஒப்புக்கொள்கிறான். அந்தக் கடன் தீருமுன்பே நாட்டையும் முனிவருக்குக் கொடுத்துவிடுகிறான். நாடு போன பிறகும் கடன் நிற்கிறது. கடனை வசூலிக்க முனிவர் தம் ஆளான நட்சத்திரேசனைக் கூடவே அனுப்புகிறார்.

அரிச்சந்திரன் மனைவி சந்திரமதியோடும் மகன் லோகிதாசனோடும் காசிக்குப் போகிறான். காசியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. பூமி முழுவதையும் தானம் செய்துவிட்டவனுக்கு அதில் நிற்க இடமில்லை. காசியோ மனிதர் ஆளும் நிலமல்ல, சிவனுடைய ஊர் என்று மார்க்கண்டேய புராணம் சொல்கிறது. தவணை முடியும் நாளில் அந்த ஊர் வீதியில் விற்பனை நடக்கிறது. தமிழில் ஆசு கவிராயர் பாடிய அரிச்சந்திர புராணத்தில் இது காசி காண்டம். அடுத்து வருவது மயான காண்டம்.

யாரை யார் வாங்குறாங்க? பணம் யாருக்குப் போகுது?

காலகண்ட ஐயர் என்ற முதிய அந்தணர் சந்திரமதியை வீட்டு வேலைக்கு வாங்குகிறார். மகனும் அவளோடு போகிறான். அந்தப் பணம் முனிவரின் கடனுக்குப் போகிறது. கடன் தீர்ந்தது என்று நினைக்கும்போது நட்சத்திரேசன் தன் தரகுக் கூலியைக் கேட்கிறான். அதற்காக அரிச்சந்திரன் தன்னையே சுடுகாட்டுக் காவலன் வீரபாகுவுக்கு விற்றுக்கொள்கிறான். வடநாட்டு நாடகங்களில் கணக்கு வேறு. அங்கே பாதிக் கடன் மனைவியை விற்ற பணத்தில் தீர, மீதிப் பாதிக்கு அவன் தன்னை விற்கிறான்.

தரகுக்காக ஒரு மனிதன் விலைபோகிறான் என்ற தென்னாட்டு வடிவம்தான் எங்களுக்குக் கூர்மையாகப் படுகிறது. அசல் அடைந்த பிறகும் செலவு என்று ஒன்று வந்து நிற்பது கடன் பட்ட எல்லோருக்கும் தெரிந்த வலி. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த இடத்தில் ‘த்சு’ கொட்டுவது ராஜாவுக்காக மட்டும் இல்லை.

இதை ஏலம்னு சொல்லலாமா?

பேச்சில் சொல்கிறார்கள், தவறில்லை. ஆனால் ‘ஏலம்’ போர்த்துகீசியர் வழியாக வந்த சொல். அவர்களுடைய ‘லெய்லாவ்’ நம் வாயில் ஏலம் ஆயிற்று. பழைய வழக்கு ‘விலை கூறுதல்’. மோர் விற்பவரும் வளையல் விற்பவரும் தெருவில் கூவி விற்பது போல, “கொள்வார் உண்டோ” என்று மனிதரைக் கூவி விற்பது.

நடைமுறையிலும் வேறுபாடு இருக்கிறது. ஏலத்தில் பலர் கேட்பார்கள், விலை ஏறும். அரிச்சந்திரன் கதையில் போட்டி கிடையாது. நெடுநேரம் கூவியும் யாரும் வராமல், கடைசியில் ஒருவர் வருகிறார். அவர் சொல்வதே விலை. பொழுது சாயப் போகிறது, தவணை முடியப் போகிறது, விற்பவனுக்கு மறுக்க வழியில்லை. காட்சியின் இறுக்கமெல்லாம் அந்த வெறுமையில்தான் இருக்கிறது. இதைத் தெரியாமல் இரண்டு மூன்று பேரை நிறுத்தி “நான் நூறு, நீ இருநூறு” என்று விலை ஏற்றிக் காட்டினால் கதை தலைகீழாகிவிடும். ஆள் ஆளுக்குப் போட்டியிட்டால் அது சந்திரமதிக்குப் பெருமைபோல் ஆகிவிடுகிறது, அவமானம் கரைந்துவிடுகிறது.

கூத்துல இந்தக் காட்சி எப்படி நடக்கும்? வரிசையா சொன்னா நல்லா இருக்கும்.

முதலில் வேடம் மாற வேண்டும். அரசனாக வந்தவரின் கிரீடம், புஜக்கீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் கழற்றப்படும். இவை கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செய்து கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் பதித்த கட்டைகள். கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள், அவசரத்தில் அவிழாது. அந்த இடைவெளியைக் கட்டியங்காரனோ (கூத்தின் கோமாளி) நட்சத்திரேசனோ நிரப்ப வேண்டும். முகப்பூச்சை முழுக்கத் துடைக்க வேண்டியதில்லை. எண்ணெயில் குழைத்த அரிதாரம் துணிக்கு வராது, அழுத்தினால் திட்டுத் திட்டாகிவிடும். தலையை அவிழ்த்துவிட்டு ஒரு பழந்துண்டைத் தோளில் போட்டாலே போதும்.

பிறகு திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னிருந்து விருத்தம், தாளமில்லாமல் இழுத்துப் பாடும் பாட்டு. திரை விலகும்போது மூவரும் களரியில் (ஆடுகளத்தில்) நிற்பார்கள். நட்சத்திரேசன் அவசரப்படுத்துவான். சந்திரமதியே முதலில் “என்னை விற்றுக் கடனைத் தீருங்கள்” என்பாள். அரிச்சந்திரன் மறுப்பான், தளர்வான், பிறகு கூவுவான். களரியின் நான்கு பக்கமும் திரும்பி, பார்வையாளரையே காசி மக்களாக வைத்துக் கூவுவது நல்ல மரபு. அதன்பின் வாங்குபவர் வருகை, விசாரணை, விலை, பணம் எண்ணுதல், ஒப்படைத்தல், பிரிவுத் தரு (பாட்டு). வீரபாகு காட்சியில் இதே படிகள் குறுக்கமாகத் திரும்ப வரும்.

படிகளில் அடிக்கடி விட்டுப்போவது பணம் எண்ணுவது. சுருக்குப் பையிலிருந்து காசைத் தரையில் ஓசையோடு எண்ண வேண்டும். தாளக்காரர் அந்த நேரம் கையை நிறுத்திவிட வேண்டும். வாங்குபவர் கையிலிருந்து அரிச்சந்திரன் கைக்கு, அங்கிருந்து நேராக நட்சத்திரேசன் கைக்கு. விற்றவனிடம் ஒரு காசு தங்கவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் வசனமே தேவையில்லை.

சில படங்கள்ல, நாடகத்துல தலைமேல புல்லு வெச்சிருக்காங்களே, அது எதுக்கு?

அது ‘நான் விற்பனைக்கு’ என்று அறிவிக்கும் அடையாளம். சேமீசுவரர் எழுதிய பழைய வடமொழி அரிச்சந்திர நாடகத்திலும், அதைத் தழுவி 19ஆம் நூற்றாண்டில் பாரதேந்து அரிச்சந்திரர் எழுதிய இந்தி நாடகத்திலும் விற்பனைக்கு நிற்பவர் தலையில் புல் வைத்துக்கொள்ளும் குறிப்பு உண்டு. புல் மாட்டுக்கு உரியது. அதைத் தலையில் சுமப்பவர் தம்மை மாட்டின் வரிசைக்கு இறக்கிக்கொள்கிறார் என்று படித்தால் பொருள் விளங்கும்.

மேடையில் செய்வதானால் ஒரு பிடி காய்ந்த புல்லோ வைக்கோலோ போதும். கூந்தலில் செருகினால் ஆடும்போது உதிர்ந்து கண்ணில் விழும். சிறு சும்மாடு போலச் சுற்றி வைத்தால் நிற்கும். விலை முடிந்த கணத்தில் வாங்கியவர் அதைத் தட்டிவிடுவது நல்ல கைச்செயல். ‘விற்றாயிற்று’ என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சந்திரமதி ஏதோ நிபந்தனை போடுவாங்கன்னு கேள்விப்பட்டேன். அடிமை நிபந்தனை போட முடியுமா?

மேலே சொன்ன நாடக மரபில் அவள் இரண்டு நிபந்தனை சொல்கிறாள். எச்சில் சோறு உண்ண மாட்டேன், பிற ஆணோடு உறவாட மாட்டேன், மற்ற எந்த வேலையும் செய்வேன். கேட்பவர்கள் இதைக் கற்பின் பெருமையாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். விலைக்கு வாங்கிய பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று அந்தக் காலத்தவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இது சான்று. நடக்காத ஒன்றுக்கு யாரும் நிபந்தனை போடுவதில்லை. எஞ்சிய சோறு, எசமானின் கை இரண்டும் அடிமைப் பெண்ணின் அன்றாடம்.

நடிப்பவர்களுக்கு ஒரு சொல்: இந்த வரிகளை அழுதுகொண்டே சொல்லாதீர்கள். பேரம் பேசும் குரலில், வாங்குபவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். காட்சியில் தன் வாழ்வுக்காக அவள் பேசும் இடம் இது ஒன்றுதான்.

பொண்டாட்டியை விக்க அவனுக்கு என்ன உரிமை? இதைப் போய் சத்தியம்னு கொண்டாடுறோமே?

இளைஞர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. கேட்பது நியாயம்தான். மனைவியும் மகனும் கணவனின் உடைமை என்ற சட்டம் இருந்தால்தான் இந்தக் கதை நகரும். வாக்கைக் கொடுத்தவன் ஒருவன், அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் மூவர். அதிலும் சிறுவனைக் கேட்டவர் யாருமில்லை.

கதையே இதை மறைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மார்க்கண்டேய புராணத்தில் அரிச்சந்திரன் ஊர் மக்களைக் கூவி அழைக்கும்போது, நான் யார் என்று ஏன் கேட்கிறீர்கள், இரக்கமற்றவன், மனிதத் தன்மை இல்லாதவன், மனைவியை விற்க வந்திருக்கிறேன் என்று தன்னையே பழிக்கிறான். வாங்கிய அந்தணர் அவளை மயிரைப் பிடித்து இழுத்துப் போகிறார். மகன் அவள் சேலையைப் பற்றிக்கொண்டு விட மறுக்கிறான், உதைபடுகிறான். பிள்ளை இல்லாமல் என்னால் வேலை செய்ய முடியாது, இவனையும் வாங்குங்கள் என்று அவள் கெஞ்சிய பிறகே மகன் விலைபோகிறான். விற்பனையை இவ்வளவு கொடுமையாகப் பாடியவர், கேட்பவர் அதை ரசிக்க வேண்டும் என்று பாடியிருக்க மாட்டார். ‘வாய்மைக்கு அரிச்சந்திரன்’ என்று பாடப் புத்தகத்தில் சுருக்கும்போதுதான் மயிரைப் பிடித்த கை காணாமல் போகிறது.

தோல்பாவைக் கூத்திலயும் பொம்மலாட்டத்திலயும் இது உண்டா? பொம்மையை வெச்சு எப்படிக் காட்டுவாங்க?

இரண்டிலும் உண்டு. தென் மாவட்டத் தோல்பாவைக் கூத்தில் இராமாயணமே முதன்மை. அதோடு நல்லதங்காள், அரிச்சந்திரன் கதைகளும் நடத்துவார்கள். தஞ்சை வட்டாரப் பொம்மலாட்டத்தில் அரிச்சந்திரா பெயர் பெற்ற ஆட்டம்.

தோல்பாவையில் ஒருவரே எல்லாக் குரலும் பேசுவார். பாவையின் முகம் மாறாது. ஆகவே அரிச்சந்திரனுக்கு அரசன், காசிக்கு வந்த ஏழை, வெட்டியான் என்று தனித்தனிப் பாவை வேண்டும். ஒன்றை எடுத்து மற்றொன்றைத் திரையில் ஒட்டும் நொடியில் அவன் நிலை இறங்கியது தெரியும். பிரிவைக் காட்டுவதற்குத் தோல்பாவை மிகப் பொருத்தமானது. திரையோடு ஒட்டியிருக்கும்போது நிழல் கூர்மை, விளக்குப் பக்கம் பின்னிழுத்தால் உருவம் பெருத்து மங்கும். தாயின் பாவை இப்படிக் கரைந்து மறைய, அரிச்சந்திரன் பாவை திரையில் அசையாமல் நிற்கும்.

பொம்மலாட்டத்தில் சிக்கல் எடை. தஞ்சைப் பொம்மைகள் நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும்கூட எட்டும். நூல்கள் ஆட்டுபவரின் தலையில் உள்ள வளையத்தில் கட்டியிருக்கும், கைகளைக் கம்பியால் இயக்குவார். சந்திரமதி, லோகிதாசன், அரிச்சந்திரன், ஐயர் என நான்கு பொம்மை ஒரே நேரத்தில் வந்தால் நூல்கள் சிக்கும். சிறுவன் பொம்மையைத் தாயின் முன்பக்கம் வைத்து, ஐயர் பொம்மையை எதிர் மூலையிலிருந்து கொண்டுவந்தால் குறுக்கே போக வேண்டியிருக்காது.

ஓவியமா வரைஞ்சிருக்காங்களா?

வங்காளத்துப் பட்டுவர்கள் சுருள்படம் வரைந்து, அதைக் கட்டம் கட்டமாக அவிழ்த்துப் பாடுவார்கள். அரிச்சந்திரன் கதையும் அவர்களுடைய படங்களில் ஒன்று.

வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது ரவி வர்மா அச்சுப்படம். 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சுக்கூடம் தெய்வங்களையும் புராணக் காட்சிகளையும் வண்ணக் கல்லச்சில் மலிவாகக் கொண்டுவந்தது. நாடிழந்து செல்வமிழந்த அரிச்சந்திரன் ஒரே மகனை ஏலத்தில் பிரியும் காட்சிக்கும் படம் உண்டு. அதற்கு வழங்கும் ஆங்கிலத் தலைப்பில் ‘ஏலம்’ என்ற சொல்லே இருக்கிறது. ரவி வர்மா தைலவண்ண ஓவியர், நாட்டார் கலைஞர் அல்லர். ஆனால் அச்சுக்கு வந்தபின் அந்த உருவங்கள் நாட்காட்டி, நாடகத் திரைச்சீலை என்று பல இடங்களுக்குப் பரவின. இன்று ஒரு கூத்துக் கலைஞர் சந்திரமதிக்குக் கட்டும் சேலைக்கட்டில்கூட அந்தச் சாயலைக் காணலாம்.

இதெல்லாம் கதை. நிஜமாவே நம்ம ஊர்ல மனுசனை வித்தாங்களா?

விற்றார்கள், எழுதியும் வைத்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆள் விற்ற ஆவணத்துக்கு ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’ என்றே பெயர் உண்டு. 1201ஆம் ஆண்டுத் திருப்பாம்புரம் கல்வெட்டு ஒன்று, காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சத்தில் ஒரு வெள்ளாளர் தம்மையும் இரண்டு மகள்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. அரிச்சந்திரன் காட்சி நம் மண்ணில் ஏன் அந்நியமாகப் படவில்லை என்பதற்கு இந்த ஒரு கல்வெட்டு போதும். அங்கேயும் ஒரு தகப்பன், அவன் பிள்ளைகள், ஒரு விலை. சிவன் கோயில் அடிமைகளுக்குச் சூலக்குறி பொறித்ததற்கும் சான்று உண்டு.

பிற்காலத்தில் வயலோடு சேர்த்து ஆளை விற்பதும் ஒற்றி வைப்பதும் நடந்தது. பழவேற்காட்டிலிருந்து ஒல்லாந்தர் கப்பலில் ஆட்களை ஏற்றிப் போனார்கள். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை மேல் உரிமை கொண்டாடி வழக்குப் போட முடியாதபடி செய்தது. ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக் குற்றமானது இந்திய தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான். அடிமை ஓலை செல்லாமல் போனபின்னும் முன்பணம் கொடுத்துப் பண்ணையாளாக வைத்துக்கொள்வது தொடர்ந்தது.

அப்போ கூத்துல ராஜா அடிமையாகிறதைத்தானே காட்டுறாங்க? நிஜ அடிமைங்க எங்க?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். கதையில் உச்சத் துயரமாகக் காட்டப்படுவது, ஓர் அரசன் புலையனுக்கு அடிமையாவது. வரலாற்றில் நிலத்தோடு கட்டுண்டு தலைமுறை தலைமுறையாக விலைபோனவர்கள் பெரும்பாலும் புலையர், பறையர், பள்ளர் என்று ஊர் ஒதுக்கிவைத்த மக்களே. வாங்கியவர்கள் நிலமுடையவர்கள். கதை இந்த இருவரையும் இடம் மாற்றி நிறுத்துகிறது. ஆண்டவன் அடிமைப்படும்போது, அதாவது அரசன் விலைபோகும்போது, ஊரே அழுகிறது. காலமெல்லாம் அடிமைப்பட்டவர், கதையில் வாங்குபவராக, கள்ளுக்கலயத்தோடு சிரிப்பு மூட்டுபவராக வருகிறார்.

காசியில் இதே கதைக்கு வேறு முகம் உண்டு. அரிச்சந்திரப் படித்துறையில் சிதைக்குத் தீ கொடுக்கும் டோம் மக்கள், அரிச்சந்திரனை வாங்கியவர் தங்கள் முன்னோர் கல்லு டோம் என்று பெருமையோடு சொல்கிறார்கள். அரசனையே விலைக்கு வாங்கிய வம்சம் என்பது அவர்களுக்குச் சிரிப்புக்குரிய செய்தி அல்ல.

வீரபாகு வேடத்தை அப்படின்னா எப்படிப் போடணும்? சிரிப்பு இல்லாட்டி சனம் தூங்கிடுமே.

சிரிப்பு இருக்கட்டும், சாதியை வைத்துச் சிரிப்பு மூட்ட வேண்டாம். உளறல், தள்ளாட்டம், பேச்சு வழக்கைக் கொச்சைப்படுத்துதல் மூன்றையும் எடுத்துவிட்டாலும் வேடம் நிற்கும். வீரபாகு ஒரு தொழிலின் தலைவர். எத்தனை பிணம் வரும், விறகு எவ்வளவு, யாரிடம் என்ன வாங்க வேண்டும் என்று கணக்குத் தெரிந்தவர். வேலையை அவர் சொல்லிக் கொடுக்கும் வசனத்தில், அரசனுக்கு அது எதுவும் தெரியவில்லை என்பதே நல்ல நகைச்சுவை. அதில் சிரிக்கப்படுபவன் அரசன்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். தமிழ் வடிவங்களில் வீரபாகு எமன், மார்க்கண்டேய புராணத்தில் சண்டாளனாக வருபவர் தருமதேவதை. முடிவில் தெய்வம் என்று வெளிப்படப்போகும் ஒருவரை ஆரம்பத்தில் கோமாளியாக்கிவிட்டால் கடைசிக் காட்சி காலில்லாமல் நிற்கும்.

கட்டியங்காரன் விற்பனைக் காட்சியில ரொம்ப நேரம் இழுத்துடறாரு. எங்க நிறுத்தணும்?

நட்சத்திரேசன் தொல்லை கொடுக்கும் வழிநடைப் பகுதியில் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்க வைக்கலாம். கால் வலிக்கிறது, தூக்கிக்கொண்டு போ, பசிக்கிறது, சோறு போடு என்று அவன் படுத்துவது காட்சியைச் சூடாக்கும். தலையில் புல் ஏறிய பிறகு சிரிப்பு நிற்க வேண்டும். அதற்குப் பின் கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்து “யாருக்கு வேணும், வீட்டுவேலை செய்யும், மாடு மேய்க்கும்” என்று கூவினால், சந்திரமதி உடம்பைப் பற்றிய கொச்சைப் பேச்சுக்கு வழி திறந்துவிடும். கூட்டத்திலிருந்து ஒருவர் விலை சொல்ல ஆரம்பித்தால் அதை மீட்பது மிகக் கடினம். பெண் வேடம் கட்டியிருக்கும் கலைஞரை நோக்கி அந்தப் பேச்சு திரும்புவதும் நடக்கிறது.

அப்படி நடந்துவிட்டால் வசனத்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பின்பாட்டுக்காரர் உடனே விருத்தத்தை உச்சத்தில் எடுக்க வேண்டும். ஆர்மோனியம் சுருதி பிடித்தால் கூட்டம் அடங்கும்.

லோகிதாசனா நடிக்கிற பையனை எப்படிக் கவனிச்சுக்கணும்?

விடிய விடிய நடக்கும் கூத்தில் இந்தக் காட்சி நள்ளிரவைத் தாண்டி வரும். பையன் தூங்கியிருப்பான். அரை மணி நேரம் முன்பே எழுப்பி, முகம் கழுவி, ஏதாவது குடிக்கக் கொடுத்து நிறுத்த வேண்டும். இழுபறியில் சேலையைப் பற்றும் கை எது, எந்தப் பக்கம் விழுவது என்று பகலிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். இழுப்பவர் பையனின் முழங்கைக்கு மேலே பிடிக்க வேண்டும், மணிக்கட்டைப் பிடித்துச் சுண்டினால் பிசகும். உதைப்பதை நேராகக் காட்ட வேண்டாம். ஐயர் முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி நிற்க, தாளம் ஓங்க, பையன் தானே உட்கார்ந்தால் போதும். முடிந்ததும் அவனை ஒப்பனைக் கொட்டகையில் யாராவது கூட உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள், பாம்புக் கடிக் காட்சிக்கு அவன் திரும்ப வர வேண்டும்.

மயான காண்டம் மட்டும்தானே இப்ப போடுறாங்க? விற்பனை இல்லாம அது புரியுமா?

கதை புரியும், கனம் குறையும். இசை நாடக மேடையில் அரிச்சந்திரா மயான காண்டம் தனி இரவாகவே நிலைத்துவிட்டது. ஈழத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் பெரும் புகழ் பெற்றது. ஆனால் மயானத்தில் நடக்கும் ஒவ்வொன்றும் விற்பனையின் நீட்சி. காற்பணமும் முழத்துண்டும் எசமானுக்கு, வாய்க்கரிசி மட்டும் உனக்கு என்று வீரபாகு விற்பனையின்போது சொன்ன பங்கீடுதான், இறந்த மகனைத் தூக்கி வந்தவளிடமே அவனைக் கூலி கேட்க வைக்கிறது. கொடுக்க அவளிடம் ஏதுமில்லை, ஏனென்றால் அவளும் விலைக்குப் போனவள். கணவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் தாலியால் இருவரும் ஒருவரையொருவர் அறிவது இதற்குப் பின்.

நேரம் இல்லாவிட்டால் முழு விற்பனைக் காட்சியும் வேண்டாம். மயானத்தில் அரிச்சந்திரன் தனியாகப் பாடும் இடத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, பணம் எண்ணிய ஓசையையும் கூவிய குரலையும் நினைவாகக் கொண்டுவந்தால் கண்ணி இணைந்துவிடும்.

சுடுகாட்டு வாசல்ல அரிச்சந்திரன் கல்லுன்னு ஒன்னு இருக்கே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் பாடை சுடுகாட்டுக்குள் நுழையும் முன் அரிச்சந்திரன் கல்லிலோ சிறு கோயிலிலோ நிற்கும். வெட்டியான் அங்கே அரிச்சந்திரன் பாட்டைப் பாடி, உரிய காசு பெற்ற பிறகு உள்ளே விடுவார். முந்தைய பதிலில் சொன்ன பங்கீடு அங்கே சடங்காகி நிற்கிறது. அந்தப் பாட்டைப் பாடுபவர் தம்மை வீரபாகுவின் ஆளாக, அரிச்சந்திரன் செய்த வேலையைச் செய்பவராக அறிவித்துக்கொள்கிறார். மேடையில் அந்தத் தொழிலைக் கேலி செய்துவிட்டு, சாவு வீட்டில் அதே பாட்டுக்குத் தலை குனிந்து நிற்பது பொருந்தாத காரியம்.

அரிச்சந்திரனே ஒரு பையனை விலைக்கு வாங்கினதா ஒருத்தர் சொன்னாரு. பொய்தானே?

முழுப் பொய்யில்லை, வாங்கியவன் அவன் மகன். ஐதரேய பிராமணம் என்ற வேத நூலில் உள்ள மிகப் பழைய கதை அது. அரிச்சந்திரன் தனக்கு மகன் பிறந்தால் அவனையே வருணனுக்குப் பலியிடுவதாக வேண்டிக்கொள்கிறான். மகன் ரோகிதன் பிறந்து வளர்ந்து, பலிக்கு உடன்படாமல் காட்டுக்குப் போகிறான். அங்கே பசியால் வாடும் அசீகர்த்தனிடம், தனக்குப் பதிலாகப் பலியாக அவன் மகன் சுனச்சேபனை 100 பசுவுக்கு வாங்குகிறான். கட்டுவதற்கு ஆளில்லை என்றதும் இன்னொரு 100 பசுவுக்குத் தகப்பனே கட்டுகிறான். வெட்டுவதற்கும் 100 பசு கேட்டு ஒப்புக்கொள்கிறான். சுனச்சேபன் தெய்வங்களைப் பாடி விடுபடுகிறான். அவனைத் தன் மகனாக ஏற்பவர், பிற்காலக் கதையில் அரிச்சந்திரனை வாட்டும் அதே விசுவாமித்திரர்.

இரண்டு கதையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பழையதில் தன் மகனைக் காக்க ஏழையின் மகனை வாங்கும் குடும்பம், பின்னதில் தன் மகனையே விற்கிறது. இதைக் கூத்தில் சேர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் நட்சத்திரேசன் வாயில் ஒரு வரி வைத்தால் நன்றாகப் பொருந்தும்: “உன் குலத்துக்குப் பிள்ளை விலை தெரியாததா, ராஜா?”

எங்க ஊர்க் கூத்தில் இந்தக் காட்சியைப் பதிவு பண்ணணும். எதைக் கவனிக்கணும்?

கேமராவை அரிச்சந்திரன் முகத்தில் நிறுத்திவிடுவதே பொதுவான பிழை. விற்கப்படுபவர்களையும் பார்வையாளர்களையும் ஒரே சட்டத்தில் பிடிக்கும்படி ஒரு பக்கத்தில் உயரமாக இன்னொரு கேமரா வையுங்கள். முகவீணை (ஊதும் கருவி), ஆர்மோனியம் இரண்டும் ஒலிவாங்கியை அடைத்துவிடும். வசனத்துக்குத் தனி ஒலிவாங்கி இல்லாவிட்டால் பணம் எண்ணும் ஓசை விழாது.

ஆட்டம் முடிந்த மறுநாள், ஆசிரியரிடம் ஐந்து விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கூவும் வரி சொல்லுக்குச் சொல் என்ன, விலை எவ்வளவு, எந்த நாணயத்தில், புல் வைப்பது உண்டா, தரகு பேசுபவர் யார். கூத்து ஏட்டில் இல்லாமல் வாய்வழியாக மட்டும் வரும் வரிகளைத் தனியே குறியுங்கள். ஊர் விற்பனையின் பேச்சுவழக்கு, மாட்டுத் தரகின் சொற்கள், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் சைகை எல்லாம் அந்த வரிகளில்தான் தங்கியிருக்கும். வீரபாகு பகுதியைப் பதிவேற்றும் முன், அந்தத் தொழில் செய்யும் குடும்பத்தார் ஊரில் இருந்தால் அவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள்.